முதுகில் நழுவும் எலும்பு: பிரசவ அறையிலிருந்து எம்ஆர்ஐ வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு வார்த்தையோட கதை. ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ். சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்.

நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ற நமக்கு முதுகு வலி புதுசு இல்ல. ரெண்டு வாரம் தைலம் தேய்ச்சுப் பார்ப்போம். மூணாவது வாரம் ஸ்கேன். ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும்: எல்5 எலும்பு எஸ்1 மேல் முன்பக்கமாக நகர்ந்திருக்கிறது, கிரேடு 1. டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கூகுளைப் பார்த்துடுவோம். முதுகில் எலும்பு நழுவியிருக்குன்னு படிச்சதும் அடுத்து மனசுக்குள்ள ஓடுறது வீல்சேர்தான்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. 'நழுவல்' என்ற பெயரை யார் வைத்தார்கள், 'கிரேடு' எங்கிருந்து வந்தது, எவ்வளவு நழுவினால் எவ்வளவு வலிக்கும் என்ற கணக்கு ஏன் தப்பாகிப் போனது, இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா அந்த வரியை எதுக்காகப் பயந்து படிக்கணும், எதுக்காகப் பயப்பட வேண்டாம்னு நமக்கே பிடிபடும்.

பெயர்க் குழப்பத்தை முடிச்சுடுவோம்

நம்ம ஊர்ல 'டிஸ்க் நழுவிடுச்சு'ன்னு சொல்றோமே, அது வேற. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அது உண்மையில் எங்கேயும் நழுவுவதில்லை. வீங்கும், கிழியும், உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வரும். நாம இன்னைக்குப் பேசுறது டிஸ்க்கைப் பற்றி இல்லை, எலும்பே முன்னால் நகர்வதைப் பற்றி.

ரிப்போர்ட்டில் ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று சொற்கள் வரும். ஸ்பாண்டிலோசிஸ் என்றால் தேய்மானம். ஸ்பாண்டிலோலைசிஸ் என்றால் எலும்பின் பின்பகுதியில் விரிசல். ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்றால் நழுவல். மூன்றும் ஒன்றல்ல. ஆனால் ஒன்று இன்னொன்றுக்கு வழி விடலாம்.

எலும்பு ஏன் நழுவணும்? இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு, எல்1 முதல் எல்5 வரை. அதற்குக் கீழே சேக்ரம் என்கிற முக்கோண எலும்பு. அதோட மேல்பகுதிதான் எஸ்1. சேக்ரத்தின் மேல்தளம் சமமாக இல்லை, முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதாவது எல்5 ஒரு சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை மாதிரி. உடம்பின் மேல்பாதி எடை முழுக்க அதன் தலையில். ஏன் சறுக்காமல் இருக்கிறது? பின்னால் அம்மா சட்டையைப் பிடிச்சிருக்காங்க. எல்5-இன் பின்பக்கம் இருக்கும் வளைவும் மூட்டுகளும் கீழே இருக்கும் எலும்பில் கொக்கி போல மாட்டியிருக்கின்றன. இந்தச் சறுக்குமரத்தை மனசுல வெச்சுக்கோங்க. கதை முழுக்க வரும்.

முதலில் பார்த்தவர்கள் பிரசவ டாக்டர்கள்

முதுகு வலியால் வந்த நோயாளியிடம் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. இதை முதலில் கவனித்தவர்கள் மகப்பேறு மருத்துவர்கள்.

1782-ல், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹெர்பினியோ என்ற மகப்பேறு மருத்துவர், குழந்தை வெளியே வர முடியாமல் தடுக்கும் ஒரு எலும்புத் துருத்தலைப் பதிவு செய்தார். சேக்ரத்துக்கு முன்னால், பிரசவப் பாதையின் வாசலிலேயே, இருக்கக்கூடாத இடத்தில் எலும்பு நின்றது. எல்5 முழுசாக முன்னால் இறங்கி, வழியை அடைத்திருந்தது. பெயர் தெரியாத அந்த நிலைக்கு எழுத்தில் கிடைக்கும் ஆரம்பகாலப் பதிவு இதுதான்.

அன்றைக்கு இது உயிர்ப் பிரச்சனை. வழி அடைபட்டால் மிச்சம் இருந்தது சிசேரியன். மயக்க மருந்து இல்லை, கிருமி பற்றிய அறிவு இல்லை, கர்ப்பப்பையைத் தைக்கும் முறையும் சரியாக வராத காலம். வயிற்றைத் திறந்தால் தாய் பிழைப்பது அபூர்வம். அதனால் பெண்ணின் இடுப்பெலும்பை அளப்பது மகப்பேறு மருத்துவத்தின் பெரிய வேலையாக இருந்தது. எந்த இடுப்பில் வழி இருக்கும், எதில் இருக்காது என்பதை இறந்த பெண்களின் எலும்புகளை வைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஜெர்மனியின் பான் நகரத்தில் இருந்த ஹெர்மன் ஃபிரீட்ரிக் கிலியனும் அப்படி ஒருவர்தான். 1854-ல் அவர் இந்த நிலைக்குப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ஸ்பாண்டிலோஸ் என்றால் முள்ளெலும்பு, ஒலிஸ்தெசிஸ் என்றால் வழுக்குதல். இன்னைக்கு உங்க எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இருக்கும் சொல்லைச் செய்தவர் இவர்தான்.

இந்த நோயின் முதல் முகங்கள், பிரசவத்தில் செத்துப்போன பெண்கள். அவர்களுக்கு முதுகு வலித்ததா, நடக்க முடிந்ததா என்பதெல்லாம் அன்றைய மருத்துவத்தின் முக்கியக் கேள்வியாக இல்லை. குழந்தை வருமா வராதா, அது ஒண்ணுதான் கேள்வி. அவர்கள் பார்த்ததும் மிக மோசமாக நழுவியவை மட்டுமே. லேசாக நழுவி, வழியை அடைக்காத ஆயிரம் முதுகுகள் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நோயைப் பற்றிய நம்முடைய முதல் படம் அதன் கொடூரமான வடிவத்திலிருந்து வந்தது. அந்தப் பயம் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

எடை இழுத்ததா, எலும்பு உடைந்ததா?

பெயர் வெச்சாச்சு. ஏன் நழுவுது? உடம்பின் எடை மெல்ல மெல்ல எலும்பை முன்னால் தள்ளிவிடுகிறது என்பது கிலியனின் விளக்கம்.

அடுத்த வருஷமே, 1855-ல், ராபர்ட் என்ற இன்னொரு ஜெர்மானிய மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். இறந்தவரின் முதுகெலும்பில் தசைகளையும் திசுக்களையும் நீக்கிவிட்டு எல்5-ஐ முன்னால் நகர்த்த முயன்றார். பின்பக்க வளைவு முழுசாக இருக்கும் வரை எலும்பு நகரவில்லை. சறுக்குமரம் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அம்மா சட்டையை விடாத வரை குழந்தை இறங்காது.

அப்ப சட்டை எங்கே கிழியுது? 1858-ல் பிராகைச் சேர்ந்த லாம்பிள் அந்த இடத்தைக் காட்டினார். மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவில் எலும்பு ஒடுங்கி மெலிந்திருக்கும் ஒரு சின்னப் பாலம் உண்டு. இன்றைக்கு டாக்டர்கள் அதைப் பார்ஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதில் பிளவு இருந்தது. வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமிக்கு ஒரு காலத்தில் லாம்பிளியா என்றே பெயர் இருந்தது. அதுவும் இதே லாம்பிளின் பெயர்தான்.

1880-களில் வார்சாவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் நோய்கெபாவர், கிடைத்த எலும்பு மாதிரிகளை எல்லாம் ஆராய்ந்து எழுதினார். எல்லா நழுவலிலும் பார்ஸ் உடைந்திருக்கவில்லை. சிலவற்றில் அது உடையாமலே இழுபட்டு நீண்டிருந்தது. சட்டை கிழியலை, ஆனா இழுத்து இழுத்துத் தொளதொளன்னு ஆயிடுச்சு.

ஆக, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'எப்படி நழுவுகிறது' என்பதற்கு நல்ல விடை கிடைத்திருந்தது. ஆனால் எல்லாமே இறந்தவர்களின் எலும்பிலிருந்து கிடைத்தது. உயிரோடு இருக்கிறவங்க முதுகுக்குள்ள எட்டிப் பார்க்க வழியே இல்லை.

எக்ஸ்ரே வந்தது, கிரேடு வந்தது

1895-ன் கடைசியில் ரான்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். கொஞ்ச வருஷங்களில் முதுகைப் பக்கவாட்டில் படம் எடுக்க முடிந்தது. உடனே ஒரு ஆச்சரியம். நழுவல் பெண்களின் நோய் இல்லை, ஆண்களிடமும் நிறைய இருந்தது. கொடூரமானது மட்டும் இல்லை, லேசானதுதான் அதிகம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஹென்றி மேயர்டிங் 1932-ல் ஒரு எளிய அளவுகோல் கொடுத்தார். கீழே இருக்கும் எலும்பின் மேல்தளத்தை நான்கு சம பாகமாகப் பிரிக்க வேண்டும். மேலே இருக்கும் எலும்பு முதல் பாகத்துக்குள், அதாவது 25 சதவீதம் வரை நகர்ந்திருந்தால் கிரேடு 1. பாதி வரை கிரேடு 2, முக்கால் வரை கிரேடு 3, அதற்கு மேல் கிரேடு 4. முழுசாகவே தாண்டி முன்னால் விழுந்துவிட்டால் அதைப் பிறகு கிரேடு 5 என்று சேர்த்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப் போகுது, இன்னைக்கும் ரிப்போர்ட்டில் வருவது இதே கணக்குதான்.

ஒண்ணைக் கவனிங்க. இந்த கிரேடு எலும்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு வலிக்கும், வேலை செய்ய முடியுமா, நாளைக்கு என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. ஆனால் ஒரு எண் கையில் கிடைத்துவிட்டால் அதை மார்க் ஷீட் மாதிரி படிப்பது மனுஷ சுபாவம்.

அந்தப் படிப்பினால் சிலரின் சோறே போனது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவில் பல நிறுவனங்கள் உடல் உழைப்பு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் முன் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தன. விரிசலோ லேசான நழுவலோ தெரிந்தால் வேலை இல்லை. அந்த ஆளுக்கு அதுவரை ஒரு நாள்கூட முதுகு வலித்திருக்காது. யாருக்கு வலி வரும் என்பதை இந்தப் படங்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று பிறகு தெரிந்து, 1970-களில் இந்தப் பழக்கத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

பிறவிக் குறையா, நடந்ததன் விலையா?

பார்ஸ் விரிசல் ஏன் வருகிறது? ரொம்ப காலம் வரை, கருவிலேயே எலும்பு சேராமல் போன பிறவிக் குறை என்றுதான் பலர் நம்பினார்கள்.

1953-ல் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த மானுடவியலாளர் டி. டி. ஸ்டூவர்ட், அலாஸ்காவின் பூர்வகுடி மக்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர்களிடம் இந்த விரிசல் மிக அதிகம். ஆனால் சிறுவர்களின் எலும்புகளில் குறைவாகவும் பெரியவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. பிறவியிலேயே வந்திருந்தால் வயசோட ஏறக்கூடாதே? வாழும்போது எலும்பு படும் பாட்டுக்கு இதில் பங்கு உண்டு என்றார் ஸ்டூவர்ட்.

1981-ல் வந்த ஒரு ஆய்வு இதை இன்னும் நேராகக் கேட்டது. வாழ்க்கையில் ஒருமுறைகூட நடந்திராத 143 பேரின் முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். எத்தனை பேருக்கு விரிசல்? ஒருத்தருக்குக்கூட இல்லை.

இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பதற்காக நம் இடுப்பு உள்நோக்கி வளைந்திருக்கிறது. அந்த வளைவுதான் சறுக்குமரத்தைச் செங்குத்தாக்குகிறது. ஒவ்வொரு முறை பின்னால் வளையும்போதும் அந்தச் சின்னப் பாலம் நசுங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு நாள் ஒடியுமே, அந்த மாதிரி. பரம்பரைக்கும் பங்கு உண்டு. சில குடும்பங்களில் இது அதிகமாகத் தெரிகிறது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு அடுத்தது. 1950-களில் அமெரிக்காவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 500 பேரை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆறு வயதில் 4.4 சதவீதம் பேருக்கு விரிசல் இருந்தது. அவர்கள் பெரியவர்களானபோது அது 6 சதவீதம். ஏறக்குறைய பதினேழு பேரில் ஒருவர். நம்ம ஆபீஸ் ஃப்ளோரில் எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க.

அதோடு விடவில்லை. விரிசல் இருந்த 30 பேரை 45 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2003-ல் முடிவு வந்தது. நழுவும் வேகம் ஒவ்வொரு பத்து வருஷத்திலும் குறைந்துகொண்டே போனது. ஒருவருக்கும் 40 சதவீதத்தைத் தொடவில்லை. ஒரு பக்கம் மட்டும் விரிசல் இருந்தவர்களுக்கு நழுவவே இல்லை. அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தைக் கேட்டுப் பதிவு செய்தபோது, அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியவில்லை. நழுவல் கூடியதற்கும் வலிக்கும் தொடர்பும் இல்லை.

30 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனா 45 வருஷம் பின்தொடர்ந்த பொறுமைக்கு ஒரு மதிப்பு உண்டு. வலியோடு வந்தவர்களை மட்டும் பார்த்தால் எல்லாருக்கும் வலிக்கும் என்றுதான் தோன்றும். வராதவர்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் நழுவலின் உண்மையான முகம் தெரிந்தது.

லில்லி பெற்ற முதுகு

பார்ஸ் விரிசலை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர்கள் கிரிக்கெட்டின் வேகப் பந்து வீச்சாளர்கள். பந்தை விடும் கணத்தில் முதுகு பின்னால் வளையும், பக்கவாட்டில் சாயும், கூடவே முறுக்கும். எல்லாம் ஒரே நேரத்தில். அதனால்தான் வலது கைக்காரருக்கு விரிசல் பெரும்பாலும் இடது பக்கம் வருகிறது.

1973-ல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி, வெஸ்ட் இண்டீஸ் தொடரில் ஒரே ஒரு டெஸ்டோடு நின்றார். கீழ் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். நல்லா கவனிங்க, விரிசல்தான், நழுவல் இல்லை. உடம்பைச் சுற்றி பிளாஸ்டர் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வைத்தார்கள். வேகப் பந்து வீச்சாளராக அவர் கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பைக், அவருக்கு உடற்பயிற்சித் திட்டம் போட்டார். ஓட்டம், வலுப் பயிற்சி, மெல்ல மெல்லப் பந்து வீச்சு. 1974-75 ஆஷஸில் திரும்பி வந்த லில்லி 25 விக்கெட் எடுத்தார்.

அந்த முதுகோடுதான் லில்லி 1987-ல் சென்னைக்கு வந்தார். எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனின் பயிற்சியாளராக இருபத்தைந்து வருஷம் இந்தியப் பையன்களுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தார்.

நம்ம தலைமுறைக்கு பும்ரா. 2019-ல் கீழ் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். 2022 டி20 உலகக் கோப்பையை முதுகுக் காயத்தால் தவறவிட்டார். 2023-ல் ஆபரேஷன், அதே வருஷம் ஆகஸ்டில் அயர்லாந்துக்கு எதிராக கேப்டனாகத் திரும்பினார். 2024 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் அவர்தான்.

இதனால் ஒரு நடைமுறைப் பாடம் வந்தது. வளரும் வயதுப் பையன்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் வீசலாம் என்பதற்கு இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் வரம்பு வைத்திருக்கின்றன. கிரிக்கெட், ஜிம்னாஸ்டிக்ஸ், பரதநாட்டியம், எதுவானாலும் சரி. பின்னால் வளையும்போது முதுகின் ஒரு பக்கத்தில் வலிக்குதுன்னு ஒரு பதினைந்து வயசுக் குழந்தை வாரக்கணக்கில் சொன்னால், 'தாங்கிக்கோ'ன்னு சொல்லாதீங்க. ஆரம்பத்தில் ஓய்வு கொடுத்தால் அந்த வயதில் விரிசல் சேர்ந்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பாட்டிகளின் நழுவல்

இதுவரை பேசியது சட்டை கிழிந்த கதை. 1930-ல் ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் இன்னொன்றைக் கவனித்தார். பின்பக்க வளைவு உடையாமல், முழுசாக இருந்தபடியே எலும்பு நழுவியிருந்தது. பிறகு மக்நாப், நியூமன் போன்றவர்கள் இது வயதான காலத்துத் தேய்மானத்தால் வருவது என்று தெளிவுபடுத்தினார்கள். சட்டை கிழியலை, பிடிச்சிருந்த கை தளர்ந்து போச்சு. மூட்டும் டிஸ்க்கும் தேய்ந்து பிடி விட்டுப்போகிறது.

இந்த வகை பெரும்பாலும் எல்4-எல்5 இடையில் வரும். ஐம்பது வயதுக்கு மேல், பெண்களிடம் பல மடங்கு அதிகம். இன்னொரு முக்கியமான வித்தியாசம்: பார்ஸ் உடைந்து நழுவும்போது முன்பாதி மட்டும் முன்னால் போகிறது, வளைவு பின்னாலேயே தங்கிவிடுகிறது. அதனால் நரம்புகள் போகும் நடுக்குழாய்க்கு இடம் கிடைக்கிறது, பக்கவாட்டில் வெளியேறும் நரம்பு மட்டும் நசுங்கலாம். தேய்மானத்தில் வளைவும் சேர்ந்தே நகர்கிறது. நடுக்குழாயே ஒடுங்குகிறது. இதனால்தான் கொஞ்சம் நழுவினாலே காலில் பாதிப்பு தெரியும்.

கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் கால் கனத்து, மரத்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடும் பாட்டியைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா சரியாயிடும். சூப்பர் மார்க்கெட்டில் டிராலியைப் பிடிச்சுக் குனிஞ்சு நடந்தா நல்லாவே நடப்பாங்க. குனிந்தால் குழாய் கொஞ்சம் விரியும், அதான் காரணம். வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. இதற்குப் பெயரும் இருக்கு, வைத்தியமும் இருக்கு.

1976-ல் வில்ட்சி, நியூமன், மக்நாப் மூவரும் சேர்ந்து நழுவலை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: பிறவியமைப்பு, பார்ஸ் விரிசல், தேய்மானம், விபத்து, எலும்பு நோய். 'எவ்வளவு' என்பதோடு 'ஏன்' என்ற கேள்வியும் ரிப்போர்ட்டுக்குள் வந்தது.

எலும்பைப் பூட்டும் ஆசை

சிகிச்சைக்கு வருவோம். நழுவும் எலும்பைக் கீழே இருப்பதோடு ஒட்டிவிட்டால் என்ன? இந்த யோசனை காசநோயிலிருந்து வந்தது. 1911-ல் நியூயார்க்கில் ஹிப்ஸும் ஆல்பியும், காசநோய் அரித்த முதுகெலும்பு சரியாமல் இருக்க எலும்புகளை ஒன்றோடொன்று சேர வைத்தார்கள். ஆல்பி காலின் முன்னெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்தார். இதுதான் இன்று நாம் ஃப்யூஷன் என்று சொல்வதன் தொடக்கம். நழுவலுக்கும் இதையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1933-ல் பிரிட்டனின் பர்ன்ஸ், ஒரு 14 வயதுப் பையனுக்கு வயிற்றுப் பக்கமாகச் சென்று, எல்5 வழியே சேக்ரத்துக்குள் ஒரு எலும்புத் துண்டை ஆணி போல இறக்கியதைப் பதிவு செய்தார்.

எலும்பு சேரும் வரை மாதக்கணக்கில் படுக்கை, பிளாஸ்டர். அதை மாற்றியது ஸ்க்ரூ. 1960-களில் பாரிஸில் ராய்-கமீல் முள்ளெலும்புக்குள் பின்பக்கமாக ஸ்க்ரூ இறக்கி, தகட்டால் இணைத்தார். நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்க முடிந்தது. 1980-களிலும் 90-களிலும் இது வேகமாகப் பரவியது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வழக்குகளும் பாய்ந்தன. 1998-ல்தான் அங்கே எஃப்டிஏ இந்த ஸ்க்ரூக்களின் வகைப்பாட்டை மாற்றி வழி விட்டது.

படத்தில் நேராகத் தெரிகிற முதுகு, உள்ளே பளபளக்கிற டைட்டானியம். பார்க்கத் திருப்தியா இருக்கும். ஆனா நோயாளிக்கு எவ்வளவு பலன்?

2000-ல் ஸ்வீடனில், பார்ஸ் விரிசலால் நழுவி நீண்ட காலம் அவதிப்பட்ட 111 பெரியவர்களைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃப்யூஷன், இன்னொன்றுக்கு உடற்பயிற்சி. இரண்டு வருஷத்தில் ஃப்யூஷன் செய்தவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். பல வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி சுருங்கியிருந்தது. ஃப்யூஷன் செய்தவர்களிலும் ஸ்க்ரூ போட்டவர், போடாதவர் என்று பார்த்தால் பலனில் வித்தியாசம் இல்லை.

தேய்மான வகையில் நரம்புக்கு இடம் விடும் ஆபரேஷன் மட்டும் போதுமா, கூடவே ஃப்யூஷனும் வேண்டுமா? 2016-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஸ்வீடன் ஆய்வு, ஃப்யூஷனால் கூடுதல் பலன் இல்லை என்றது. 66 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு, கொஞ்சம் பலன் உண்டு என்றது. 2021-ல் நார்வேயில் 267 பேரிடம் நடந்த ஆய்வில், நரம்புக்கு இடம் மட்டும் விட்டவர்களும் இரண்டு வருஷத்தில் ஃப்யூஷன் செய்தவர்களுக்குக் குறையாமல் இருந்தார்கள்.

ஆபரேஷனே வேண்டாம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. நரம்பு நசுங்கி நடக்க முடியாதவர்களுக்கு அது வாழ்க்கையைத் திருப்பித் தருகிறது. கிரேடு 3, 4 வரை போய்க்கொண்டே இருக்கும் வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுகிறது. ஆனால் நழுவல் இருக்கிறது, ஆகவே பூட்ட வேண்டும் என்ற நேர்க்கோடு இப்போது இல்லை.

அந்த ஒரு வரியை எப்படிப் படிப்பது

கிரேடு 1, 2 வந்த பெரும்பாலானவர்களுக்கு முதல் வைத்தியம் சாதாரணமானது. வலி அதிகமாக இருக்கும் நாட்களில் பின்னால் வளைவது, கனம் தூக்குவதைக் குறைப்பது, அப்புறம் பிசியோதெரபி. 1997-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், நீண்டகால வலியுள்ள 44 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. வயிற்றின் ஆழ்தசைகளையும் முதுகை ஒட்டிய தசைகளையும் பத்து வாரம் முறையாகப் பயிற்றுவித்தவர்களுக்கு வலி குறைந்தது. 30 மாதம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. எலும்பு இருந்த இடத்துக்குத் திரும்பியதால் இல்லை. அதைச் சுற்றிப் பிடிக்கும் ஆட்கள் பலமானதால்.

அதனால யாராவது 'ஒரே அழுத்து, எலும்பை உள்ளே தள்ளிடலாம்'னு சொன்னா எழுந்து வந்துடுங்க. நழுவிய எலும்பைக் கையால் தள்ளி நிறுத்த முடியாது.

எப்போ பயப்படணும்? சிறுநீர், மலம் கட்டுப்பாடு தப்பினால், அல்லது சிறுநீர் போகவே முடியாமல் அடைத்துக்கொண்டால். உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனால். காலில் பலம் திடீரென்று குறைந்தால், பாதம் தூக்க வராமல் இழுபட்டால். இதெல்லாம் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். கிரேடு 1-ஓ 4-ஓ, காத்திருக்கக் கூடாது.

மற்றபடி, டாக்டரிடம் கேட்க மூணு கேள்வி வெச்சுக்கோங்க. இது விரிசலால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா? நிற்கும்போது, குனியும்போது எடுத்த எக்ஸ்ரேயில் இது இன்னும் நகர்கிறதா? என் வலி இந்த எலும்பிலிருந்துதான் வருகிறதா, வேறு எதாவதா? மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பிரசவ அறையில் தொடங்கிய காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்கக் கற்றுக்கொள்ளவே நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த எபிசோட் உங்க டாக்டருக்கு மாற்று இல்லை, அவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு துணை. ரிப்போர்ட்டைக் கையில் வெச்சுக்கிட்டுத் தூங்காம இருக்கிற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா அனுப்பி வைங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.